மருந்து ஆரம்பித்த மூன்றாவது வாரம்

எச்.ஐ.வி. கூட்டு மருந்து ஆரம்பித்த புதிதில் வரும் சிக்கல்கள் பற்றியே கடிதங்கள் குவிந்திருப்பதால், இந்த முறை முழுப் பகுதியும் அவற்றுக்குத்தான். யாருடைய பெயரும் வராது, ஊர் மட்டும்.

தேனி

அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது இரண்டு மாதம் முன்புதான் தெரிந்தது. சி.டி.4 வெறும் 38. கழுத்தில் டி.பி. கட்டி. டி.பி. மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்துக் கூட்டு மருந்தும் கொடுத்தார்கள். முதலில் காய்ச்சல் விட்டது, சோறு இறங்கியது. மூன்றாவது வாரம் திரும்பவும் காய்ச்சல். நெல்லிக்காய் அளவு இருந்த நெறி எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. “மருந்து ஒத்துக்கலை, நிறுத்திடலாம்” என்கிறார் அண்ணன். நிறுத்தலாமா?

கூடாது. டி.பி. மாத்திரை, கூட்டு மருந்து இரண்டையும் ஒரு வேளை விடாமல் கொடுத்தபடியே, நாளைக் காலை அவரைக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப் போங்கள். அடுத்த மாதம் மாத்திரை வாங்கும் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களான சி.டி.4 மிகக் குறைவு. டி.பி. ஏற்கெனவே இருக்கிறது. தேறி வந்தவர் கூட்டு மருந்து ஆரம்பித்த மூன்றாவது வாரம் மோசமாகிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் மருத்துவர் மனதில் முதலில் வருவது ‘ஐரிஸ்’. அதாவது, படுத்துக் கிடந்த நோய் எதிர்ப்பாற்றல் எழுந்து வரும்போது உண்டாகும் அழற்சி. டி.பி.யோடு வரும் ஐரிஸ் பெரும்பாலும் மருந்து ஆரம்பித்த முதல் நாலு வாரத்துக்குள் தலைகாட்டும்.

நெறியை நீங்களே பாருங்கள். தோல் சிவந்து பளபளக்கிறதா? தொட்டால் சூடு தெரிகிறதா? நடுவில் ஓரிடம் மெலிந்து மஞ்சளாகத் தெரிந்தால் அங்கேதான் உடையப் போகிறது. உள்ளே திப்பி திப்பியாகக் கெட்டிச் சீழ் இருக்கும். அதைக் கீறிவிடச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். கீறினால் ஆறாத புண்ணாகி மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருக்கும். தேவைப்பட்டால் மருத்துவரே பக்கத்து நல்ல தோல் வழியாக ஊசி செலுத்திச் சீழை உறிஞ்சி எடுப்பார். வலியும் உடனே குறையும்.

கும்பகோணம்

மருந்து சாப்பிட்டால் உடம்பு தேற வேண்டும். அதே மருந்து எப்படி மோசமாக்கும்?

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பெருக்கினால் தூசி கிளம்பும். அந்தத் தூசியைத் துடைப்பம் கொண்டுவரவில்லை.

காசநோய்க் கிருமி நுரையீரலிலோ நெறியிலோ இருந்தால் காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் வரும். இவற்றில் பாதிக்கு மேல் கிருமியின் வேலை அல்ல. கிருமியை எதிர்த்து நம் உடம்பு செய்யும் வேலை. சி.டி.4 அணுக்கள் 30, 40 என்று தேய்ந்துபோனவரின் உடம்புக்கு அந்த வேலையைச் செய்யச் சக்தி கிடையாது. அதனால் கிருமி ஏராளமாக இருந்தும் எக்ஸ்-ரே சுமாராகவே தெரியும். கட்டி சின்னதாகவே இருக்கும். கூட்டு மருந்து உள்ளே போனதும் எச்.ஐ.வி. கிருமியின் எண்ணிக்கை சில வாரங்களிலேயே மளமளவென்று சரிகிறது. நிணநீர்த் திசுக்களில் ஒதுங்கிக் கிடந்த பழைய சி.டி.4 அணுக்கள் ரத்தத்துக்குத் திரும்புகின்றன. டி.பி.யை ஏற்கெனவே அடையாளம் தெரிந்த அணுக்கள் அவை. உயிரோடு இருக்கும் கிருமி, மருந்தில் செத்த கிருமியின் மிச்சம் எதுவானாலும் கண்ட இடத்தில் பாய்கின்றன. பாய்ச்சலுக்குக் கடிவாளம் போடும் ஏற்பாடு உடம்பில் உண்டுதான்; ஆனால் அது மெல்லத்தான் திரும்புகிறது. அந்த இடைவெளியில் வருவதுதான் உங்கள் கேள்வியில் உள்ள ‘மோசம்’.

ஆற்காடு

அப்படியானால் இது மாத்திரையின் பக்க விளைவுதானே?

இல்லை. பக்க விளைவு என்றால் மாத்திரையை மாற்றினால் போய்விடும். ஐரிஸுக்கு மாத்திரையை மாற்றிப் பயனில்லை. எந்தக் கூட்டு மருந்து வேலை செய்தாலும் இது வரலாம்.

விருதுநகர்

கூட்டு மருந்து ஆரம்பிக்கும்போது எனக்கு இருமல்கூட இல்லை. ஐந்தாவது வாரம் டி.பி. என்கிறார்கள். மாத்திரையால்தான் டி.பி. வந்ததா?

டி.பி. உங்களுக்குள் முன்பே இருந்திருக்கிறது. சத்தம் போடாமல் இருந்திருக்கிறது. எதிர்ப்பாற்றல் விழித்ததும் வெளியே தெரிந்துவிட்டது. ஐரிஸில் இது இரண்டாவது வகை. முதல் வகை, தேனி வாசகரின் அண்ணனுக்கு நடந்தது: தெரிந்த நோய் தேறிவந்து மறுபடி சீறுவது. இரண்டாவது, தெரியாத நோய் முகத்திரை விலக்குவது.

அதனால்தான் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு முறையும் அதே நாலு கேள்வியைக் கேட்கிறார்கள்: இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைகிறதா, ராத்திரி வியர்க்கிறதா? பலர் வரிசையிலிருந்து சீக்கிரம் நகர வேண்டும் என்று நாலுக்கும் “இல்லை” சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த நாலு கேள்விக்கு உண்மை சொன்னால், டி.பி.யை முதலில் பிடித்து மருந்து ஆரம்பித்துவிட்டுப் பிறகு கூட்டு மருந்து கொடுப்பார்கள். சீற்றம் வந்தாலும் கைக்குள் இருக்கும்.

நாகர்கோவில்

இவ்வளவு தொல்லை என்றால், டி.பி. மருந்தை ஆறு மாதம் முழுசாக முடித்துவிட்டு அப்புறம் கூட்டு மருந்து ஆரம்பித்தால் என்ன? தம்பிக்கு அப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறோம்.

மிக நியாயமான கேள்வி. மருத்துவ உலகமே பல வருடம் இதைக் கேட்டுத் தவித்தது. கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்காமல் சோதித்தும் பார்த்தார்கள். பதில் தெளிவாகவே கிடைத்திருக்கிறது: காத்திருக்கக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எச்.ஐ.வி.யும் டி.பி.யும் சேர்ந்திருந்த 642 பேரை வைத்து ஓர் ஆய்வு. டி.பி. சிகிச்சை நடக்கும்போதே கூட்டு மருந்து ஆரம்பித்தவர்கள் ஒரு பக்கம், டி.பி. முடியும்வரை காத்திருந்தவர்கள் இன்னொரு பக்கம். காத்திருக்காதவர்களிடம் மரணம் 56 சதவீதம் குறைவு. முடிவு 2010-ல் வெளியானது.

சரி, டி.பி. சிகிச்சைக்கு நடுவில் என்றால் எப்போது? இதற்குப் பதில் சொன்னது கம்போடியா. அங்கே 661 பேர். பாதிப் பேருக்கு சி.டி.4 25-க்கும் கீழே. அந்த அளவில் ஒரு மனிதரைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், எழுந்து உட்காரக்கூடப் பலருக்கு ஆள் பிடிக்க வேண்டும். ஒரு பகுதியினருக்கு டி.பி. மருந்து ஆரம்பித்து இரண்டாவது வாரமே கூட்டு மருந்து; மற்றவர்களுக்கு எட்டாவது வாரம். இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்தவர்களுக்கு ஐரிஸ் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக வந்தது. பார்த்தால் தோல்வி போலத் தோன்றும். இறந்தவர்களை எண்ணிப் பாருங்கள்: எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 27 சதவீதம், இரண்டு வாரத்தில் ஆரம்பித்தவர்களில் 18 சதவீதம். நூற்றுக்கு ஒன்பது உயிர். 2011-ல் இந்த முடிவு வந்த பிறகு விவாதம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

ஐரிஸ் கூடினாலும் மரணம் குறைகிறது என்றால் பொருள் இதுதான்: சீறி எழும் எதிர்ப்பாற்றலைவிட, இல்லாத எதிர்ப்பாற்றலே அதிகம் பேரைக் கொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்வதும் அதுவே. மூளையைத் தொடாத டி.பி.யாக இருந்தால், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் டி.பி. மருந்து ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்து. தம்பியை ஆறு மாதம் காக்க வைக்காதீர்கள்.

இன்னொன்று. டி.பி. மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின், கூட்டு மருந்தில் உள்ள டொலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதை ஈடுகட்ட 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டொலுடெக்ராவிர் தருவார்கள். “எதற்கு ஒரே மாத்திரை ரெண்டு வேளை, தப்பாகக் கொடுத்துட்டாங்க” என்று தம்பி ஒன்றை ஒதுக்கிவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி

என் கணவருக்குப் பூஞ்சை மூளைக்காய்ச்சல். அவருக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் கூட்டு மருந்து என்கிறார்கள். பக்கத்துப் படுக்கையில் டி.பி. உள்ளவருக்கு இரண்டே வாரம். வேண்டுமென்றே தாமதம் செய்கிறார்களா?

வேண்டுமென்றேதான் செய்கிறார்கள், அவர் உயிருக்காக. மேலே நான் அடித்துச் சொன்னதற்குப் பெரிய விதிவிலக்கு மூளை. கழுத்து நெறி வீங்கினால் வெளிப்பக்கம் வீங்க இடம் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் இடம் இல்லை. அங்கே அழற்சி கிளம்பினால் அழுத்தம் ஏறி, பார்வை போகலாம், நினைவு போகலாம், உயிரே போகலாம்.

கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலில் இதையும் சோதித்தார்கள். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 177 பேர். ஒன்றிரண்டு வாரத்தில் கூட்டு மருந்து ஆரம்பித்தவர்களில் ஆறு மாதத்துக்குள் 45 சதவீதம் பேர் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30 சதவீதம். வித்தியாசம் தெரிந்த கணமே ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 2014-ல் இது வெளிவந்தது. அதிலிருந்து இந்தப் பூஞ்சைக்கு நாலு முதல் ஆறு வாரம் பொறுப்பதே வழக்கம். மூளையில் டி.பி. இருந்தாலும் நாலு முதல் எட்டு வாரம்.

அந்த இடைவெளியில் பூஞ்சை மருந்து விடாமல் போக வேண்டும். தலைவலி தாங்க முடியாமல் போனால், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். “முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது” என்று வார்டில் யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். அந்த ஊசிதான் அவருக்குத் தலைவலி மாத்திரை.

ஓசூர்

எனக்கு சி.டி.4 410. கூட்டு மருந்து ஆரம்பிக்கப் பயமாக இருக்கிறது.

பயமே வேண்டாம். உங்கள் நிலையில் ஐரிஸ் வர வாய்ப்பு மிகவும் குறைவு. இந்தச் சிக்கல் பெரும்பாலும் 100-க்குக் கீழே, அதிலும் 50-க்குக் கீழே இருப்பவர்களுடையது. 410-ல் ஆரம்பிப்பதுதான் ஐரிஸிலிருந்து தப்பிக்கும் மிக நல்ல வழி. தள்ளிப்போட்டால்தான் அந்தப் பள்ளத்துக்குப் போவீர்கள்.

திருவாரூர்

நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஐரிஸ் வரும்? எத்தனை பேர் பிழைப்பார்கள்?

உடம்பில் எந்த நோய் ஒளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 54 ஆய்வுகளில் இருந்த 13,103 பேரின் விவரங்களைச் சேர்த்து 2010-ல் ஒரு கணக்கு வெளியானது. டி.பி. இருந்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கும், பூஞ்சை மூளைக்காய்ச்சல் இருந்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கும், விழித்திரையைத் தாக்கும் சி.எம்.வி. கிருமி இருந்தவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கும் ஐரிஸ் வந்திருந்தது. டி.பி. ஐரிஸ் வந்தவர்களில் இறந்தவர்கள் 3 சதவீதம் சொச்சம். பூஞ்சை மூளைக்காய்ச்சலோடு வந்தால் ஐந்தில் ஒருவர். அதனால்தான் தருமபுரி அம்மாவுக்கு அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

சி.டி.4 50-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கண்ணில் புள்ளி மிதந்தாலோ, பார்வை மங்கினாலோ அது கண்ணாடிக் கடைக்குப் போகிற விஷயம் அல்ல. அன்றைக்கே கண் மருத்துவர்.

சிவகாசி

எனக்கு ஐரிஸ் என்று ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். “எச்.ஐ.வி. காரனுக்கு ஸ்டீராய்டு விஷம்” என்கிறார் தெரிந்த மருந்துக்கடைக்காரர். யாரை நம்ப?

மருத்துவரை. மருந்துக்கடைக்காரரின் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும். உங்களுக்கு இப்போது தேவைப்படுவதும் அளவோடு தணிப்பதுதான். ஐரிஸ் வராமல் தடுக்க ஸ்டீராய்டு உதவுமா என்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே கயேலிட்ஷாவில் சோதித்தார்கள். டி.பி.யும் 100-க்கும் மிகாத சி.டி.4-ம் இருந்த 240 பேர். கூட்டு மருந்து ஆரம்பிக்கும்போதே பாதிப் பேருக்கு நாலு வாரம் பிரட்னிசோன் கொடுத்தார்கள்: முதல் இரண்டு வாரம் 40 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 20. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்கு ஐரிஸ் வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான். அதனால் கடுமையான தொற்று எதுவும் கூடவில்லை.

ஆனால் ஸ்டீராய்டு கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் மருந்தல்ல. டி.பி. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாக இருந்தால் ஸ்டீராய்டு அதை மறைத்துவிடும். கபோசி என்ற தோல் புற்றுநோய் இருந்தால் அதை வளர்த்தேவிடும். சர்க்கரை இருப்பவருக்கு ஏற்றிவிடும். எனவே நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைக் காட்டியும் வாங்காதீர்கள். படிப்படியாகக் குறைக்கும்போது காய்ச்சல் திரும்பினால் உடனே சொல்லுங்கள். அளவை மறுபடி கொஞ்சம் ஏற்றி, இன்னும் மெதுவாகக் குறைப்பார்கள்.

பண்ருட்டி

கூட்டு மருந்து ஆரம்பித்து மூன்று மாதம். விலாவில் அக்கி வந்திருக்கிறது. அம்மா குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிவரச் சொல்கிறார். போகலாமா?

அம்மாவின் மனது நோகாமல் இருக்க, காவி பூசினால் பூசிக்கொள்ளுங்கள், கொப்புளம் உடையாத வரை. ஆனால் அதற்கு முன்னால் மருத்துவமனை. அக்கிக்கு அசைக்ளோவிர் மாத்திரை உண்டு. முதல் கொப்புளம் கிளம்பி மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். சின்ன வயதில் அம்மை போட்ட கிருமி நரம்பு வேரில் படுத்திருந்து, எதிர்ப்பாற்றல் மாறும் நேரத்தில் எழுந்து வருகிறது. மருந்து ஆரம்பித்த முதல் சில மாதங்களில் இது பலருக்கும் வரும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் மட்டும் காவிக்குக்கூட நிற்காதீர்கள். கண் பறிபோகும்.

ஊட்டி

எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம். கூட்டு மருந்து ஆரம்பித்து ஒரு மாதத்தில் இடது அக்குளில் கட்டி.

பிறந்ததும் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி. குழந்தையின் எதிர்ப்பாற்றல் எழும்போது அந்தப் பக்கத்து நெறியில் இப்படி வீக்கம் வரலாம். பெரும்பாலும் தானாக வற்றிவிடும். பெரிதானால் ஊசியால் உறிஞ்சுவார்கள். ஆனால் அதே இடத்தில் உண்மையான டி.பி.யும் வரலாம், எனவே குழந்தை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கூட்டு மருந்துத் திரவத்தையோ மாத்திரையையோ ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.

சேலம்

ஐரிஸ் என்று உறுதிசெய்ய என்ன டெஸ்ட்? தனியார் லேபில் எடுத்துவிடலாமா? பணம் பிரச்சினை இல்லை.

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். ஐரிஸைக் காட்டும் ஒற்றை டெஸ்ட் உலகத்தில் எந்த லேபிலும் இல்லை. மருத்துவர் செய்வது கழித்துக் கழித்துப் பார்ப்பது. டி.பி. கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததா? வேறு புதுத் தொற்றா? மருந்து ஒவ்வாமையா? மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா? இவையெல்லாம் இல்லை என்று ஆன பிறகு மிஞ்சுவதுதான் ஐரிஸ். சளி, நெறியின் நீர், எக்ஸ்-ரே, கல்லீரல் அளவுகள் எல்லாம் கேட்பது அதற்காகத்தான்.

நீங்கள் கொண்டுபோக வேண்டிய மிக மதிப்புள்ள தகவலுக்குக் காசே கிடையாது. டி.பி. மாத்திரை எந்தத் தேதி ஆரம்பித்தது, கூட்டு மருந்து எந்தத் தேதி ஆரம்பித்தது, காய்ச்சல் எந்தத் தேதி திரும்பியது. மூன்று தேதியும் ஒரு சீட்டில் இருந்தால், வரிசையாகப் படித்ததுமே மருத்துவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

மயிலாடுதுறை

ஐரிஸை முதலில் கண்டறிந்தது யார்? நம் ஊரில் எப்போது தெரிந்தது?

1992-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் ஃப்ரெஞ்ச் என்பவரின் குழு முதலில் எழுதியது. அப்போது கூட்டு மருந்தே கிடையாது. ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்துதான். அதைச் சாப்பிட்ட சிலருக்கு டி.பி. குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகள் புதுவிதமாகச் சீறுவதைக் கண்டு, இது எதிர்ப்பாற்றல் மீள்வதன் அடையாளம் என்றார்கள். 1998-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டி.பி. மருந்தோடு கூட்டு மருந்தும் எடுத்த 33 பேரில் 12 பேர் இப்படி மோசமானார்கள். கூட்டு மருந்து எடுக்காத 28 பேரில் இருவர் மட்டுமே. சந்தேகம் அதோடு தீர்ந்தது.

நம் ஊர்க் கதை தனி. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்ததே சென்னையில்தான், 1986-ல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று ஆரம்பித்தபோது முதல் மருத்துவமனைகளில் ஒன்று தாம்பரம் சானடோரியம். நெஞ்சக நோய் மருத்துவமனை என்பதால் அங்கே வந்தவர்களில் டி.பி. இல்லாதவரைத் தேட வேண்டும். அதே 2004-ல் சென்னை மருத்துவர்கள் டி.பி. ஐரிஸ் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பின்னர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. இது எங்கேயோ வெளிநாட்டில் நடக்கும் விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அரியலூர்

கணவர் இறந்த பிறகுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது. மாமியார் வீட்டில் இருக்கிறேன். கூட்டு மருந்து ஆரம்பித்து ஒரு மாதம். காய்ச்சலும் நெறியும். நாத்தனார் ஊரில் உள்ள டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்கிறார். அங்கே என்ன சொல்வது? எல்லாருக்கும் தெரிந்துவிடுமே.

அம்மா, முதலில் உங்களை ஏ.ஆர்.டி. மையத்துக்குத்தான் போகச் சொல்வேன். “சர்க்காரில் ரத்தம் பார்க்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், பொய்யும் அல்ல. அதற்கு வழியே இல்லை, ஊர் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்றால், நாத்தனாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் மட்டும் மருந்தின் பெயரையும் ஆரம்பித்த தேதியையும் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் அவர் டைஃபாய்டு என்பார், ஊசி போடுவார், ஒரு வாரம் ஓடிவிடும்.

அவர் அதை வெளியே சொல்லக் கூடாது. 2017-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை மாமியாரிடமோ நாத்தனாரிடமோ சொல்ல அவருக்கு உரிமை இல்லை. மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்துச் சாப்பிடும் பெண்கள் எத்தனையோ பேர் என்று எனக்குத் தெரியும். ஒளித்துச் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஒளித்து வைத்த இடத்துக்குப் போக முடியவில்லை என்று ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள். மையத்தில் உள்ள கவுன்சலரிடம் இந்தச் சிரமத்தைச் சொன்னால் நேரத்தை மாற்றிக் கொடுப்பார்.

கோவில்பட்டி

கூட்டு மருந்து சாப்பிட்டதும் வயிற்றெரிச்சல். ஜெலுசில் குடிக்கலாமா? சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

குடிக்கலாம், கூடவே அல்ல. டொலுடெக்ராவிர் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது அதற்கு ஆறு மணி நேரம் முன்பு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்க்காதீர்கள். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டோடு. இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராமலே போய்விடும்.

பட்டுக்கோட்டை

எந்த அறிகுறி வந்தால் வீட்டில் இருக்கலாம், எதற்கு 108-ஐக் கூப்பிட வேண்டும்?

லேசான காய்ச்சல், நெறி கொஞ்சம் பெரிதாவது: அடுத்த நாள் மையம் திறந்ததும் போனால் போதும். மூச்சு வாங்குவது, விடாத தலைவலியோடு வாந்தி, இரட்டை இரட்டையாகத் தெரிவது, ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, வலிப்பு, கை கால் ஒரு பக்கம் இழுப்பது, கண் மஞ்சளாவது, கழுத்து வீங்கி எச்சில் விழுங்க முடியாமல் போவது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ல் வருபவரிடமும், வார்டில் முதலில் பார்க்கும் இளம் மருத்துவரிடமும், கூட்டு மருந்து ஆரம்பித்த தேதியைச் சொல்லுங்கள்.

காரைக்குடி

நெறி எப்போது வற்றும்? இரண்டு மாதமாக அப்படியே இருக்கிறது. காய்ச்சல் இல்லை, எடை ஏறுகிறது.

எடை ஏறுகிறது என்றால் நல்ல சேதி. காய்ச்சல் சில வாரங்களில் போகும். நெறி சில மாதம் எடுக்கும். தினமும் விரலால் அழுத்திப் பார்ப்பதை விடுங்கள்.

மதுரை

நான் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சங்கத்தில் தன்னார்வலர். மாத்திரை ஆரம்பிக்கும்போதே “முதலில் மோசமாகலாம்” என்று சொன்னால் பயந்து ஆரம்பிக்காமலே போய்விடுவார்களே? சொல்லாமல் இருப்பது நல்லதில்லையா?

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் உங்களோடு உடன்பட மாட்டேன். சொல்லாமல் விட்டவர் மூன்றாவது வாரம் என்ன செய்கிறார் பாருங்கள். காய்ச்சல் வருகிறது. வீட்டில் “அந்த மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்துதான்” என்கிறார்கள். அவர் டப்பாவை எடுத்துப் பரணில் போட்டுவிடுகிறார். மையத்துக்கும் வருவதில்லை, திட்டுவார்கள் என்று. சொல்லிவைத்தவருக்கும் அதே காய்ச்சல் வருகிறது. அவர், “சொன்னீங்களே, அது வந்திருச்சு” என்று போன் செய்கிறார்.

எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டியதில்லை. சி.டி.4 400, 500 இருப்பவரிடம் இதை விரித்துப் பேசிப் பயம் காட்டாதீர்கள். 100-க்குக் கீழே இருப்பவரையும், டி.பி. மருந்தில் இருப்பவரையும் தனியே உட்கார வைத்துச் சொல்லுங்கள். கூட வந்திருப்பவர் அவருக்கு நம்பகமானவர் என்றால் அவரிடமும். “முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலோ கட்டியோ வரலாம். வந்தால் மாத்திரை நிறுத்தாதீங்க, எங்களைக் கூப்பிடுங்க.” இவ்வளவு போதும்.

பிறகு உங்கள் பங்கு. மாத்திரை டப்பாவின் மூடியில் ஆரம்பித்த தேதியைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். உங்கள் போன் எண்ணையும், அது கிடைக்காவிட்டால் காசில்லாமல் பேச 1097-ஐயும் எழுதுங்கள். அவர் கூப்பிடக் காத்திராமல் இரண்டாவது வாரமும் நாலாவது வாரமும் நீங்களே கூப்பிடுங்கள். “மாத்திரை சாப்பிட்டீங்களா” என்று கேட்பதற்கு முன்னால், “காய்ச்சல் இருக்கா” என்று கேளுங்கள்.